இறுக்கும் பாறை, சுருங்கும் கரி: சான் வானும் போவனும்

நிலக்கரி அடுக்கிலிருந்து மீத்தேன் எடுக்கும் தொழிலில் வெற்றிக்கு ஒரு படுகையைச் சொல்லுங்கள் என்றால், பெரும்பாலோர் சான் வான் என்பார்கள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் வடமேற்கு மூலையும் கொலராடோவின் தென்மேற்கு மூலையும் சேரும் இடத்தில் அது இருக்கிறது. அங்கே சீடர் ஹில் பகுதியில் 1977இல் அமோக்கோ நிறுவனம் தோண்டிய கிணறுதான் தொடக்கம். 1990களில் உலகிலேயே அதிகமாக நிலக்கரி மீத்தேன் தந்த இடம் அதுதான். இதே தொழிலை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள போவன் படுகையிலும் 1976 வாக்கிலேயே முயன்றார்கள். அங்கே வணிக அளவில் வாயு வர 1996 ஆயிற்று. இருபது ஆண்டு இடைவெளி.

போவனின் கரி மட்டமானதல்ல. உலகின் எஃகு ஆலைகளுக்குக் கடல் வழியே போகும் உயர்தரக் கரியில் பெரும்பங்கு அங்கிருந்துதான் கப்பலேறுகிறது. அதில் வாயுவும் ஏராளம். அந்த வாயுவுக்குப் பயந்துதான் அங்கே சுரங்கமே தோண்டுகிறார்கள். குறை இருந்தது வாயு வெளியேறும் வழியில். அந்த வழியை அகலமாக்குவதும் குறுக்குவதும் பாறைக்குள் உறைந்திருக்கும் நெருக்கம், அதாவது தகைவு. இரண்டு படுகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பூமிக்கடியில் ‘எவ்வளவு வாயு இருக்கிறது’ என்ற கேள்வியை விட ‘கரியை எது, எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு நெருக்குகிறது’ என்ற கேள்வி முந்தியது என்பது என் முடிவு. ஆனால் இந்தத் தொழிலில் அதைப் பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் கேட்கிறார்கள்.

இயற்கை எரிவாயு மணற்கல்லின் துளைகளில் அடைந்து கிடக்கும். நிலக்கரியில் அப்படியில்லை. மீத்தேன் மூலக்கூறுகள் கரியின் நுண்துளைச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். சுற்றியுள்ள நீரின் அழுத்தம் அவற்றை அங்கேயே பிடித்து வைத்திருக்கும். நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால் ஒட்டு விட்டு, கரிக்கட்டிக்குள் மெல்லக் கசிந்து, பக்கத்து வெடிப்பை அடைந்து, அதன் வழியே கிணற்றுக்கு வரும். இந்த வெடிப்புகளைத் தொழிலில் கிளீட் என்பார்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு வரிசைகளில் ஓடும். ஒரு வரிசை நீளமானது, மற்றது அதன் குறுக்கே குட்டையாக நிற்பது. கரிக்கு ஊடுருவுதிறன் என்று ஒன்று இருந்தால் அது ஏறக்குறைய முழுவதும் இந்த வெடிப்புகளால் வருவதுதான். வெடிப்பின் அகலத்தில் ஒரு கடுமையான கணக்கு இருக்கிறது. அதன் வழியே ஓடும் அளவு அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அகலம் பாதியானால் ஓட்டம் எட்டில் ஒரு பங்கு. மைக்ரான் கணக்கில் இருக்கும் ஓர் இடைவெளியைக் கொஞ்சம் அழுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அழுத்துவது எது? முதலில் மேலிருக்கும் பாறையின் எடை. நூறு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 2.3 முதல் 2.5 மெகாபாஸ்கல் என்று அது கூடிக்கொண்டே போகும். வெடிப்புக்குள் இருக்கும் நீர் அதை எதிர்த்து உள்ளிருந்து தள்ளும். நூறு மீட்டருக்கு அதன் பங்கு சுமார் ஒரு மெகாபாஸ்கல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வெடிப்பை உண்மையில் மூடப் பார்க்கும் விசை. அதைச் செயல்படு தகைவு என்கிறோம். 1975இல் சோமர்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் ஆய்வகத்தில் கரித்துண்டுகளை நெருக்கி அளந்த நாளிலிருந்து, செயல்படு தகைவு கூடக் கூட ஊடுருவுதிறன் அடுக்குமுறையில் சரியும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி. ஆழம் கூடினால் வாயு கூடும், வழி குறையும். இதுவரை இரண்டு படுகைக்கும் பொது விதி.

பிரிவது பக்கவாட்டில். கிளீட் வெடிப்புகள் பெரும்பாலும் செங்குத்தாக நிற்பவை. ஆகவே அவற்றை மூடுவது மேலிருந்து வரும் எடையை விட, பக்கங்களிலிருந்து நெருக்கும் கிடைத்தகைவு. சான் வானில் இந்தப் பக்க நெருக்கம் மிதமானது. போவனில் அது கனமானது. பல இடங்களில் மேலிருக்கும் பாறையின் எடையையும் மிஞ்சுகிறது. நெருக்கும் திசை பெரும்பாலும் வட-வடகிழக்கு. ஆஸ்திரேலியக் கண்டத்தைச் சுமக்கும் நிலத்தட்டு தன் வடக்கு, கிழக்கு விளிம்புகளில் மோதிக்கொண்டிருப்பதன் எதிரொலி அது. இந்தியாவை இமயத்தின் மீது தள்ளுவதும் இதே பெருந்தட்டின் நகர்வோடு சேர்ந்த கதைதான். குயின்ஸ்லாந்துச் சுரங்கத் தொழிலாளியின் தலைக்கு மேல் கூரை நொறுங்குவதற்கும் அதற்கும் இப்படி ஒரு தொலைதூரத் தொடர்பு.

இதில் கரிக்கு ஒரு சிறு சலுகை உண்டு. நிலத்தட்டு நெருக்கும்போது எல்லா அடுக்குகளும் ஒரே அளவு சுருங்கியாக வேண்டும். விறைப்பான மணற்கல் அதைப் பெருந்தகைவோடு தாங்கும், மென்மையான கரி குறைந்த தகைவோடு விட்டுக்கொடுக்கும். அதனால் ஒரே ஆழத்தில் கூரைப் பாறையில் ஒரு தகைவும் கரியில் வேறு தகைவும் இருக்கும். பக்கத்துப் பாறையில் அளந்ததைக் கரிக்குப் பொருத்திக் கணக்குப் போட்டவர்கள் இங்கேதான் தவறினார்கள்.

சான் வானுக்கு வருவோம். அங்கே மீத்தேன் தரும் ஃப்ரூட்லாண்ட் அடுக்குகள் கிரிட்டேசியக் காலத்தின் பிற்பகுதியில் படிந்தவை. படுகையின் வடக்கு நடுப்பகுதியில் ‘ஃபேர்வே’ என்று அழைக்கப்படும் ஒரு நீண்ட பட்டை இருக்கிறது. அங்கே கரி தடிமன், வெடிப்புகள் தாராளம், நீரின் அழுத்தம் ஆழத்துக்கு இருக்க வேண்டியதை விட அதிகம். வடக்கு விளிம்பில் கரி தரையில் தலைகாட்டும் மேட்டு நிலத்தில் மழையும் பனியுருகிய நீரும் இறங்கி, கீழே அழுத்தமாக நிற்பதே அதற்குக் காரணம் என்று நிலவியலாளர்கள் விளக்கினார்கள். அதிகப்படியான நீரழுத்தம் என்றால் வெடிப்பை உள்ளிருந்து தள்ளும் கை வலுவானது. தொடக்கத்திலேயே வழி திறந்திருந்தது: ஃபேர்வேயில் ஊடுருவுதிறன், அதை அளக்கும் அலகில், சில மில்லிடார்சி முதல் பல பத்து மில்லிடார்சி வரை.

வியப்பு அதற்குப் பிறகு வந்தது. நீரை இறைக்க இறைக்க உள்ளிருந்து தள்ளும் கை தளரும், வெடிப்பு மூடும், உற்பத்தி ஆண்டுக்கு ஆண்டு சரியும். பாடப்புத்தகம் இதைத்தான் சொல்லியது. ஃபேர்வேயின் பல கிணறுகள் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டன. ஆண்டுகள் போகப் போக அவற்றின் வழி அகலமானது. ஊடுருவுதிறன் தொடக்க அளவைப் போலப் பத்து மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல் உயர்ந்தது என்று உற்பத்திப் பதிவுகள் காட்டின. நாளொன்றுக்குப் பத்து லட்சம் கன அடிக்கு மேல் தந்த கிணறுகள் அங்கே அபூர்வமல்ல.

விளக்கம் கரிக்கட்டிக்குள் இருந்தது. மீத்தேனைப் பிடித்திருக்கும்போது கரி சற்று உப்பியிருக்கும். மீத்தேனை விட்டதும் சுருங்கும். கோடையில் வற்றிய ஏரியின் வண்டல் சுருங்கி வெடிப்பதைப் போல, கரிக்கட்டிகள் ஒவ்வொன்றும் உள்வாங்க, அவற்றுக்கிடையே கிளீட் அகலும். அடுக்கு பக்கவாட்டில் நகர முடியாதபடி இறுகியிருப்பதால் இந்தச் சுருக்கம் கிடைத்தகைவையே தளர்த்திவிடும். ஆக ஒரே பம்பு இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்கிறது: நீரழுத்தத்தைக் குறைத்து வெடிப்பை மூடப் பார்க்கிறது, வாயுவை வெளியேற்றிக் கரியைச் சுருக்கி வெடிப்பைத் திறக்கப் பார்க்கிறது. தொடக்கத்தில் முதலாவது முந்தும். அழுத்தம் ஒரு கட்டத்துக்குக் கீழே போனதும் இரண்டாவது மிஞ்சும். சான் வானில் அது மிஞ்சியது.

இந்த இரட்டை விளைவை ஒரே சமன்பாட்டில் 1987இலேயே எழுதியவர் இயன் கிரே. அவர் ஆஸ்திரேலியர் என்பதை இந்த ஒப்பீட்டில் விட்டுவிடக் கூடாது. சுரங்கங்களில் வாயு வடிக்கும் தொல்லையிலிருந்துதான் அவருக்கு இந்தக் கேள்வி எழுந்தது. பிறகு 1990களின் நடுவில் பால்மரும் மன்சூரியும், 2004 வாக்கில் ஷியும் துருஜானும் சான் வான் தரவுகளை வைத்து அதை விரிவான மாதிரிகளாக்கினார்கள். இன்று உலகெங்கும் பொறியாளர்கள் கணினியில் ஓட்டுவது இவற்றையும் இவற்றின் வழித்தோன்றல்களையும்தான். ஆஸ்திரேலியாவில் பிறந்த சிந்தனைக்குச் சான்று கிடைத்தது சான் வானில்.

சான்று மறுபக்கமிருந்தும் கிடைத்தது. சான் வானின் ஆலிசன் பகுதியில் 1995 முதல் 2001 வரை கார்பன் டை ஆக்சைடைக் கரிக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அது மீத்தேனை வெளியே தள்ளும் என்பது எதிர்பார்ப்பு. கரி அந்த வாயுவை மீத்தேனை விடப் பேராசையோடு பிடித்து வைத்துக்கொள்ளும்; பிடித்ததும் உப்பும். உப்பியதில் வெடிப்புகள் நெருங்கி, செலுத்தும் வேகம் சரிந்தது. சுருங்கினால் திறக்கும் என்பதைக் கிணறுகள் காட்டின என்றால், உப்பினால் மூடும் என்பதை ஆலிசன் காட்டியது.

சரி, போவனின் கரியும் சுருங்கும்தானே? சுருங்கும். கோளாறு அங்கேயில்லை. சுருக்கம் வேலை செய்ய வேண்டுமானால் முதலில் கணிசமான நீரும் வாயுவும் வெளியேறியாக வேண்டும். கிடைத்தகைவு நெருக்கி, வழி ஒரு மில்லிடார்சிக்கும் கீழே போயிருக்கும் ஆழத்தில் நீர் நகரவே மறுக்கும். கிணற்றைச் சுற்றிச் சில மீட்டர் மட்டும் அழுத்தம் இறங்கும். அப்பால் கரி பழைய நிலையிலேயே இருக்கும். திறப்பதற்கான சாவி வீட்டுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. இதை நான் இரு படுகைகளுக்கும் இடையிலான மிக முக்கியமான வேறுபாடாகக் கருதுகிறேன். சான் வானில் உற்பத்தி தகைவைத் தளர்த்தியது. போவனின் ஆழ அடுக்குகளில் தகைவு உற்பத்தியைத் தொடங்கவே விடவில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த முறைகள் போவனில் திணறியதும் இதனால்தான். செங்குத்துக் கிணறு தோண்டி, உயரழுத்த நீரும் மணலும் செலுத்திப் பாறையைப் பிளப்பது அவற்றில் ஒன்று. பிளவு எப்போதும் மிகக் குறைந்த தகைவுக்குச் செங்குத்தான தளத்தில் விரியும். பக்க நெருக்கம் மிதமாக உள்ள இடத்தில் அது சுவர் போல நிமிர்ந்து நின்று, அடுக்கின் முழு உயரத்தையும் கிணற்றோடு இணைக்கும். பக்க நெருக்கம் மேலெடையை மிஞ்சிய இடத்திலோ குறைந்த தகைவு செங்குத்துத் திசையில் இருக்கும். பிளவு படுத்துக்கொள்ளும். அடுக்கின் நடுவிலோ கூரையை ஒட்டியோ ஒரு தாள் போல விரிந்து, செங்குத்து வெடிப்புகளில் பலவற்றைத் தொடாமலே போய்விடும். அதைச் செலுத்தவும் அதிக அழுத்தம் வேண்டும். இதெல்லாம் ஊகமல்ல. அமெரிக்கச் சுரங்கத் துறை கிணறு வழியே பிளந்த நிலக்கரி அடுக்குகளைப் பின்னர் சுரங்கத்தில் தோண்டி நேரில் பார்த்து 1987இல் பதிவு செய்தது. ஆஸ்திரேலியாவிலும் அப்படித் தோண்டிப் பார்த்தார்கள். கரிக்குள் பிளவு ஓடிய பாதை பொறியாளர்கள் தாளில் வரைந்த பாதையோடு ஒத்துப்போகாத இடங்கள் நிறைய.

சான் வானின் இன்னொரு முறை இதைவிட விசித்திரமானது. ஃபேர்வேயில் குழாய் இறக்காமல் கிணற்றின் கரிப்பகுதியைத் திறந்தபடி விடுவார்கள். காற்றையும் நீரையும் அழுத்தி உள்ளே செலுத்திவிட்டு, வால்வைச் சட்டென்று திறப்பார்கள். கரி நொறுங்கி வாயுவோடு தரைக்குப் பாய்ந்து வரும். இதையே நாள்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தால், கிணற்றின் அடியில் சில மீட்டர் அகலத்துக்கு ஒரு குகை உருவாகும். குகையின் பயன் அதன் வெற்றிடத்தில் இல்லை. அதைச் சுற்றியுள்ள கரியில் தகைவு இளகி, வெடிப்புகள் வழுக்கித் திறந்து, ஊடுருவுதிறன் கூடிய ஒரு வளையம் உருவாகிறது. வேண்டுமென்றே தகைவைக் குலைக்கும் வேலை இது. பிளவு முறையில் முடித்த பக்கத்துக் கிணறுகளை விட இந்தக் குகைக் கிணறுகள் பல மடங்கு அதிகமாகத் தந்தன. ஃபேர்வேக்கு வெளியே இதே வித்தையைக் காட்டியபோது பெரும்பாலும் பலிக்கவில்லை. தடித்த கரி, அதிகப்படி நீரழுத்தம், தொடக்கத்திலேயே நல்ல வழி என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் அது வேலை செய்தது.

வரிச்சலுகையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1980இல் அமெரிக்க அரசு மரபுசாரா எரிபொருளுக்குத் தந்த சலுகை, 1992 இறுதிக்குள் தோண்டிய கிணறுகளுக்கு 2002 வரை கிடைத்தது. நிறுவனங்கள் முண்டியடித்துத் தோண்டியதற்கு அது ஒரு காரணம். ஆனால் வரிச்சலுகை அலபாமாவின் பிளாக் வாரியர் படுகைக்கும் கிடைத்தது. அங்கே ஃபேர்வே போல எதுவும் நடக்கவில்லை. அரசாணையால் பாறையைத் தளர்த்த முடியாது.

கரியின் இந்தப் பிடிவாதத்துக்குப் போவனில் கண்ட விடை வேறு. வெடிப்பு குறுகலாக இருந்தால், வாயு வெடிப்புக்குள் போக வேண்டிய தூரத்தைக் குறைப்பது. தரையிலிருந்து ஒரு கிணற்றைச் சாய்த்து வளைத்து அடுக்குக்குள் நுழைத்து, ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் கரிக்குள்ளேயே கிடையாக ஓட்டி, மறுமுனையில் முன்பே தோண்டி வைத்த செங்குத்துக் கிணற்றின் அடியில் கொண்டுபோய் இணைப்பார்கள். நீர் அந்தச் செங்குத்துக் கிணற்றில் சேரும். பம்பு அங்கே இருக்கும். மொரன்பா பகுதியில் 2004 முதல் வணிக அளவில் வாயு எடுத்ததற்கு இத்தகைய கிணறுகளே ஆதாரம். ஒரு சிறிய வட்ட வாய்க்கு எட்டாத வாயு, ஆயிரம் மீட்டர் நீளமுள்ள வாய்க்கு எட்டியது.

இங்கும் தகைவு விடவில்லை. திசையைத் தேர்வதில் ஒரு இழுபறி இருக்கிறது. வாயு அதிகம் வர, நன்றாகத் திறந்திருக்கும் வெடிப்புகளைக் கிணறு குறுக்கே வெட்ட வேண்டும். பெருந்தகைவின் திசைக்கு இணையாக நிற்கும் வெடிப்புகள்தான் அதிகம் திறந்திருக்கும். ஆகவே கிணறு பெருந்தகைவுக்குக் குறுக்கே போக வேண்டும். ஆனால் அப்படிப் போகும் துளையைத்தான் தகைவு அதிகமாக நசுக்கும். சுவர் உதிர்ந்து கரித்தூள் குழாயை அடைக்கும். பெருந்தகைவோடு இணையாகப் போனால் துளை நிற்கும், வாயு குறையும். போவனின் பொறியாளர்கள் ஒவ்வொரு இடத்திலும் இதற்கிடையில் ஒரு கோணத்தைப் பேரம் பேசிப் பிடிக்கிறார்கள். கரித்தூளால் பம்பு நிற்கும் தொல்லை சான் வானிலும் பின்னாளில் தலையெடுத்தது, எதிர்க் காரணத்தால்: அங்கே கிடைத்தகைவு மிகத் தளர்ந்து, மேலெடை மட்டும் பழையபடி நின்றதில், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தாங்காமல் கரியே நொறுங்கத் தொடங்கியது. ஒரு படுகை நெருக்கத்தால் தூளைக் கண்டது, மற்றது தளர்வால்.

இந்த ஒப்பீட்டில் பணத்தோடு நிற்காத ஒரு பகுதியும் இருக்கிறது. ஃபேர்வேயின் ஆழத்தில் சுரங்கம் கிடையாது. அங்கே தகைவு தவறினால் ஒரு கிணறு நஷ்டம். போவனில் வாயு இருக்கும் அடுக்குக்குள்ளேயே மனிதர்கள் இறங்குகிறார்கள். தகைவு அதிகம், வாயு அதிகம், வழி குறைவு என்ற மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் சுரங்க முகப்பில் கரியும் வாயுவும் திடீரென வெடித்துப் பாயும். காலின்ஸ்வில் சுரங்கத்தில் 1954 அக்டோபரில் அப்படி நடந்ததில் ஏழு பேர் மாண்டார்கள். அங்கே பாய்ந்த வாயு பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. பிளாக்வாட்டர் அருகே லெய்ஹார்ட் சுரங்கத்தில் 1978 டிசம்பரில் இருவர். போவனில் கரிக்குள் கிடையாகத் துளையிடும் கலை வளர்ந்ததில் விற்பனை வாயுவுக்கு எவ்வளவு பங்கோ, சுரங்கத்துக்கு முன்கூட்டியே வாயுவை வடிக்கும் கட்டாயத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. வாயு வராத அடுக்குத்தான் ஆபத்தான அடுக்கு என்பதை வணிகக் கணக்குப் பார்ப்பவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

இது அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான போட்டி அல்ல என்பதற்குக் குயின்ஸ்லாந்திலேயே ஆதாரம் இருக்கிறது. போவனின் தென்பகுதி மேலே சூரட் படுகையின் இளைய அடுக்குகளால் மூடப்பட்டிருக்கிறது. அங்குள்ள வாலூன் கரி ஜுராசிக் காலத்தது, ஆழம் குறைவு. நில அடுக்குகள் மேல்நோக்கி வளைந்து நெருக்கம் இளகியிருக்கும் உண்டுல்லா முகடு போன்ற இடங்களில் ஊடுருவுதிறன் நூற்றுக்கணக்கான மில்லிடார்சி. சூரட்டில் முதல் வணிக வாயு 2006இல் கோகன் நார்த்தில் வந்தது. சாதாரணச் செங்குத்துக் கிணறுகளே போதுமானதாக இருந்தன. அதிலிருந்து ஒன்பது ஆண்டுகூட முடியாத 2014 இறுதியில் கிளாட்ஸ்டன் அருகே கர்ட்டிஸ் தீவிலிருந்து, நிலக்கரி மீத்தேனைத் திரவமாக்கிய முதல் கப்பல் சரக்கு ஏற்றப்பட்டது. போவனில் இருபது ஆண்டு திணறிய அதே மாநிலம், அதே தொழில். மாறியது கரியும் அதன் மீதுள்ள நெருக்கமும்.

தமிழ் வாசகருக்கு இந்தத் தொழில் அறிமுகமானது மன்னார்குடி வழியாக. 2010இல் ஒப்பந்தமாகி, காவிரிப் படுகை விவசாயிகளின் எதிர்ப்பால் நின்று, 2015இல் தமிழக அரசு தடை விதித்த திட்டம் அது. அந்த விவாதத்தில் நீரும் நிலமும் முன்னால் நின்றது நியாயமே. ஆனால் அங்கே பேசப்பட்டது பழுப்பு நிலக்கரி. சான் வானின் முதிர்ந்த கரியும் அல்ல, போவனின் கரியும் அல்ல. ஓர் இடத்தின் வெற்றிக் கதையை மேடையில் சொல்லி இன்னோர் இடத்துக்கு அனுமதி கேட்பது எவ்வளவு பலவீனமான வாதம் என்பதற்கு மேலே சொன்ன இரண்டு படுகைகளும் போதும். ராணிகஞ்ச், ஜாரியா போன்ற இந்திய வயல்கள் போவனைப் போலவே பெர்மியன் காலக் கோண்ட்வானாக் கரி; அவற்றை மதிப்பிடும்போது உவமைக்கு எடுக்க வேண்டியது போவனின் இருபது ஆண்டுத் திணறல்.

ஆகவே புதிய மீத்தேன் வயல் பற்றிய அறிவிப்பு நாளிதழில் வரும்போது, ‘இத்தனை கோடி கன மீட்டர் இருப்பு’ என்ற தலைப்போடு நின்றுவிடாதீர்கள். கிடைத்தகைவை அளந்தார்களா, கரியிலேயே அளந்தார்களா அல்லது பக்கத்துப் பாறையில் அளந்து கணக்குப் போட்டார்களா, அந்த ஆழத்தில் ஊடுருவுதிறன் எத்தனை மில்லிடார்சி என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் இல்லையென்றால், சொல்லப்பட்ட இருப்பு பூமிக்கடியில் இருக்கிறது என்பதற்கு மேல் எதையும் நம்ப வேண்டியதில்லை.